செவ்வாயில் போனவருக்குப் புதன்

தாத்தா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அப்போது பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. காடு வரை போய்த் திரும்பி, குளித்து, எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பதினாறாம் நாள் எப்போது வருகிறது என்ற பேச்சு எழுந்தது. சித்தப்பா உள்ளே போய் ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி வந்து தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ண ஆரம்பித்தார். அவர் ஐந்தாவது தாளைத் தாண்டியிருக்க மாட்டார். மூலையில் சுவரோடு சாய்ந்திருந்த அப்பத்தா, அழுகைக்கு நடுவே, "செவ்வாயில போனவுகளுக்குப் பதினாறு புதன்லதான்டா வரும்" என்றாள். சித்தப்பா விடாமல் எண்ணி முடித்தார். புதன்தான்.

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எந்தக் கிழமையில் யார் போனாலும் பதினாறு எந்தக் கிழமையில் விழும் என்பது அவளுக்குத் தெரியும். எட்டாம் நாள் அதே கிழமை, பதினைந்தாம் நாளும் அதே கிழமை, பதினாறு ஒரு கிழமை தள்ளி. அவ்வளவுதான் கணக்கு. அதே வாரம் என் கல்லூரி நோட்டில், மட்டு 7-ன் கீழ் கூட்டலைப் பொறுத்து எச்ச வகுப்புகள் ஒரு குலம் ஆகும் என நிறுவியிருந்தேன். நான்கு விதிகளையும் வரிசையாகச் சரிபார்த்து, கீழே இரட்டைக் கோடு போட்டு, ஐந்து மதிப்பெண். திண்ணையில் நடந்ததும் நோட்டில் இருந்ததும் ஒரே விஷயம் என்று அன்றைக்கு எனக்குப் பொறி தட்டியது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். தட்டவில்லை. பல வருடம் ஆயிற்று.

குலம் என்ற சொல்லிலேயே நாங்கள் முதலில் தடுக்கினோம். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு அந்தச் சொல் அறிமுகமானதுதான் என்றாலும், கல்லூரியில் பேராசிரியர் 'குரூப்' என்று சொல்லச் சொல்ல, நாங்கள் மனசுக்குள் குலம் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குள் உட்குலம் வேறு. எங்கள் ஊரில் குலம், உட்குலம் என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முதல் விதி அடைவு விதி: குலத்தின் இரண்டு உறுப்புகளைச் சேர்த்தால் பிறப்பதும் அதே குலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பேராசிரியர் இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப வெளிய கட்டிக்கக் கூடாதா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. கலைச்சொல் ஆக்கியவர்கள் எதை நினைத்து அந்தச் சொல்லைத் தேர்ந்தார்களோ. 'கூட்டம்' என்றோ 'அணி' என்றோ வைத்திருக்கலாம்; அணி ஏற்கெனவே மேட்ரிக்ஸுக்குப் போய்விட்டது. அகமண முறையை அடைவு விதி என்று சொல்லிக் கற்றுக்கொண்ட ஒரே கணித மாணவர் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

இரண்டாவது தடுக்கல் பெரியது. அதுவரை கணக்கு என்றால் எண். இயற்கணிதம் என்றால், இன்னும் தெரியவராத எண். எக்ஸ் என்பது முகமூடி போட்ட ஒரு எண். கடைசி வரியில் முகமூடியைக் கழற்றிவிடுவோம். இங்கே கழற்றுவதே இல்லை. முன் பெஞ்சில் உட்காருகிற, எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துக்கொள்கிற ஒரு பெண் எழுந்து, "சார், இந்த ஏங்கிறது எந்த நம்பர் சார்?" என்று கேட்டாள். "எந்த நம்பரும் இல்லம்மா. நம்பரா இருக்கணும்னு அவசியமே இல்ல" என்றார். அவள் உட்கார்ந்தாள். அந்தப் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டாளா என்று தெரியாது. எழுதியிருந்தால் அந்த வருடத்தின் முக்கியமான வரி அதுதான்.

பிறகு அவர் ஒரு நிரூபணம் போட்டார். பலகையில் ஒரே வரி. குலத்தில் சமனி என்று ஓர் உறுப்பு உண்டு. யாரோடு சேர்ந்தாலும் அவரை மாற்றாமல் விட்டுவிடுவது, கூட்டலில் பூச்சியம் போல, பெருக்கலில் ஒன்று போல. அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருக்க முடியுமா, இரண்டு பேர் இருக்கலாமா? இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். முதலாமவர் சமனி என்பதால் விடை இரண்டாமவர். இரண்டாமவர் சமனி என்பதால் விடை முதலாமவர். விடை ஒன்றுதான், ஆகவே இருவரும் ஒருவரே. சாக்பீஸைக் கீழே வைத்தார். எண் எதுவும் வரவில்லை, கணக்குப் போடவில்லை, ஆனாலும் ஒன்று நடந்து முடிந்திருந்தது. எனக்கு வயிற்றில் ஏதோ இறங்கியது போல இருந்தது. பக்கத்திலிருந்தவன், "இது எத்தனை மார்க்குடா?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. எங்கள் படிப்பின் உண்மையான இலக்கணம் அது. முந்தைய ஐந்து வருடக் கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு எந்தத் தேற்றம் பத்து மதிப்பெண், எது ஐந்து என்று பிரித்துவிடுவோம். லக்ராஞ்சுத் தேற்றம் நிச்சயம் வரும். ஹோமோமார்பிசத்தின் அடிப்படைத் தேற்றம் வராத வருடமே இல்லை. அதை நான் மொட்டைமாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தேன், செய்யுள் போல. 'இப்போது இச்சார்பு நன்கு வரையறுக்கப்பட்டது எனக் காட்டுவோம்' என்ற வரி வந்ததும் மூச்சு வாங்கிக்கொள்வேன்; அது எனக்கு மூச்சு வாங்குகிற இடம் மட்டும்தான். தேர்வில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன். முழு மதிப்பெண் வந்திருக்கும். எதைக் காட்டினேன், ஏன் காட்ட வேண்டியிருந்தது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

புரிந்து செய்த ஒரே கணக்கு, பாடத்திட்டத்துக்கு வெளியே கிடைத்தது. நூலகத்தில் ஹெர்ஸ்டைனின் 'டாபிக்ஸ் இன் அல்ஜீப்ரா' இருந்தது. 1964-ல் முதலில் வந்த புத்தகம். முதுகு கிழிந்து, காக்கித் தாள் ஒட்டி, கடன் சீட்டில் மூன்றே தேதிகள். அதன் பயிற்சிக் கணக்குகளுக்கு விடைகள் பின்னால் கிடையாது. அதில் ஒன்று: ஒரு குலத்தில் இரட்டைப்படை எண்ணிக்கையில் உறுப்புகள் இருந்தால், சமனியைத் தவிர இன்னொருவராவது தன்னோடு தானே சேர்ந்து சமனியைத் தருவார் என்று காட்டு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு இதை மெல்லுவேன். நான்கு விதிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் ஒரு வாரம் நகரவில்லை. சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி 'ஒத்தையா ரெட்டையா' விளையாடுவோமே, எண்ணிப் பார்க்கும்போது இரண்டிரண்டாகத் தள்ளுவோம், கடைசியில் ஒன்று மிஞ்சினால் ஒத்தை. அந்த விரலசைவுதான் வழிகாட்டியது. ஒவ்வொருவரையும் அவருடைய எதிர்மறையோடு, அதாவது அவரோடு சேர்ந்து சமனியைத் தருபவரோடு, ஜோடி சேர். ஜோடி உள்ளவர்களை இரண்டிரண்டாகத் தள்ளு. சமனிக்கு எதிர்மறை அதுவேதான், ஆகவே அது தனியாள். மொத்தம் இரட்டைப்படை. ஜோடிகள் போக மிஞ்சுவதும் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். சமனி ஒருவர் மட்டும் மிஞ்ச முடியாது. இன்னொருவரும் ஜோடியில்லாமல் நிற்கிறார். அவரே தனக்கு எதிர்மறை. முடிந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

மொட்டைமாடியில் மூச்சு வாங்கிய இடத்துக்குத் திரும்ப வருகிறேன். 'நன்கு வரையறுக்கப்பட்டது' என்றால் என்ன?

அப்பத்தாவின் கணக்கில் அவள் எதை மறந்தாள் என்று பார்க்கலாம். செவ்வாய்க்கிழமைகள் கணக்கற்றவை. தாத்தா இறந்த செவ்வாய் ஒன்று, அவர் சந்தைக்குப் போய் மாடு வாங்கி வந்த செவ்வாய் ஒன்று. அத்தனையையும் ஒரே செவ்வாயாக நினைக்கிறாள். தேதி, மாதம், வருடம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஏழு பெயர்களை மட்டும் வைத்துக்கொள்கிறாள். அப்படி எறிந்த பிறகும் கணக்கு நடக்கிறது: எந்தச் செவ்வாயானாலும் இருபது நாள் கழித்துத் திங்கள்தான். மறந்தது திரும்ப வந்து கழுத்தைப் பிடிக்கவில்லை.

இப்போது கிழமையை மறந்து மாதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள். இருபது நாள் கழித்து என்ன மாதம்? சொல்ல முடியாது. ஆடி ஒன்று என்றால் இருபது நாள் கழித்தும் ஆடிதான். ஆடி இருபது என்றால் ஆவணிக்குள் போய்விடும். 'ஆடியோடு இருபது நாள்' என்ற கூட்டலுக்கு விடையே இல்லை, ஏனென்றால் நாம் மறந்த தேதியில்தான் விடை ஒளிந்திருக்கிறது. கிழமையை வைத்து மறக்கலாம். மாதத்தை வைத்து மறந்தால் மாட்டிக்கொள்வோம். ஈவுக் குலம் என்பது இதுதான். பத்து மதிப்பெண்ணுக்கு நான் ஒப்பித்த வரியில் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: நீ மறந்தது, மறக்கத்தக்கதுதானா?

நார்மல் உட்குலம் என்று ஒன்று வரும். மாணவர்கள் அதை வெறுப்பதற்குக் காரணம், வரையறை எங்கிருந்தோ குதித்தது போல இருப்பது. டீக்கடையில் வைத்துச் சொல்லியிருந்தால் போதும். மேசை மேல் மூன்று டம்ளர்: டீ, காபி, பால். முதல் இரண்டை இடம் மாற்று, பிறகு கடைசி இரண்டை இடம் மாற்று: காபி, பால், டீ என்று நிற்கும். முதலிலிருந்து தொடங்கி வரிசையை மாற்றிச் செய், அதாவது கடைசி இரண்டை முதலில், முதல் இரண்டைப் பிறகு: பால், டீ, காபி. எது முன், எது பின் என்பது இங்கே கணக்கு. இதற்கு நேர்மாறாக, முன்பின் பாராத குலங்களை எபீலியன் குலம் என்கிறோம். ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்ற தன் நிரூபணத்தை 1824-ல் சொந்தச் செலவில் அச்சிட்டு, காசு போதாமல் ஆறு பக்கத்துக்குள் அடைத்த நார்வேக்காரர் ஏபெலின் பெயர் அது. இருபத்தாறு வயதில் காசநோயில் இறந்தார். இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் இறந்த கால்வாவின் கதையை எல்லாப் பேராசிரியர்களும் சொல்வார்கள். அவருடைய கணிதம் எம்.எஸ்ஸி.க்குத் தள்ளிப்போய்விடும். எங்களில் பெரும்பாலோர் கால்வாவின் சாவை மட்டும் படித்துவிட்டுப் பட்டம் வாங்கினோம்.

டம்ளர்களுக்கு வருவோம். மூன்று டம்ளரை மொத்தம் ஆறு விதமாக வைக்கலாம். முதல் இரண்டு இடங்களில் எது எங்கே என்பதை மறந்துவிடுவதாக முடிவு செய்யுங்கள். மூன்றாவது இடத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். மூன்றாவது இடத்தில் பால். இப்போது யாரோ 'டீயும் பாலும் எங்கிருந்தாலும் இடம் மாறட்டும்' என்கிறார். கவலையில்லை, மூன்றாவது இடத்துக்கு டீ வந்துவிட்டது. இன்னொருவர் 'இரண்டாவது இடமும் மூன்றாவது இடமும் மாறட்டும்' என்கிறார். மாட்டிக்கொண்டோம். இரண்டாவது இடத்தில் இருந்தது டீயா, காபியா என்பதைத்தானே மறந்தோம். பெயரைச் சொல்லி மாற்றினால் தாங்குகிற மறதி, இடத்தைச் சொல்லி மாற்றினால் தாங்கவில்லை. பலகையில் இடது கோசெட், வலது கோசெட் என்று எழுதி, இரண்டும் சமமானால் நார்மல் என்று சொன்னார்களே, அதன் அர்த்தம் இது. இரண்டு பக்கத்திலிருந்தும் தாங்குகிற மறதிக்குத்தான் அந்தப் பெயர். மூன்று டம்ளரில் அப்படிப்பட்ட மறதி ஒன்று உண்டு: எது எங்கே என்பதை முழுக்க மறந்துவிட்டு, இதுவரை செய்த இடமாற்றங்கள் ஒத்தையா ரெட்டையா என்பதை மட்டும் வைத்துக்கொள்வது. அது எந்தப் பக்கத்திலிருந்து தட்டினாலும் நிற்கும். புளியங்கொட்டை மறுபடியும்.

கணிதவியலாளர் எம்மி நோதரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மறதியின் ஞாபகம் வரும். எர்லாங்கனில் 1907-ல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு முழுக்க முழுக்கக் கணக்கு. 331 கோவைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வரிசையாக எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் அதைக் குப்பை என்று தள்ளினார். 1915-ல் ஹில்பெர்ட்டும் கிளைனும் கூப்பிட்டு கோட்டிங்கன் போனார். பெண் என்பதால் பாடம் நடத்த உரிமையில்லை; நான்கு வருடம் ஹில்பெர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை நடத்தினார். கூட்டலும் பெருக்கலும் உள்ள வளையங்கள் என்ற அமைப்புகளைப் பற்றி 1921-ல் அவர் எழுதிய கட்டுரையில் 331 கோவைகளின் சுவடே இல்லை. எண்களா, கோவைகளா என்ற கேள்வியே இல்லை. எதை வைத்துக்கொண்டால் போதும் என்பது மட்டும் இருக்கிறது. அத்தனையையும் கையால் எழுதிப் பார்த்தவருக்குத்தான் எதை விடலாம் என்று தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். எங்களுக்கு நடந்தது தலைகீழ். ஒன்றையும் எழுதிப் பார்க்காமல் நேரே மறக்கச் சொன்னார்கள்.

1933-ல் யூதர் என்பதால் நாஜி ஆட்சி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அமெரிக்கா போய், இரண்டு வருடத்துக்குள் இறந்தார். அவரிடமும் ஆர்ட்டினிடமும் பாடம் கேட்ட வான் டெர் வார்டன் எழுதிய 'மாடர்ன் அல்ஜீப்ரா' 1930, 31-ல் இரண்டு பாகமாக ஜெர்மன் மொழியில் வந்தது. நான் படித்த தாளின் பெயரும் அதுதான். 1955 பதிப்பில் ஆசிரியரே 'மாடர்ன்' என்ற அடையை எடுத்துவிட்டார், இனி இது நவீனமில்லை, இதுதான் இயற்கணிதம் என்பது போல. எங்கள் மதிப்பெண் பட்டியலில் நாற்பது வருடம் கழித்தும் அது நவீனமாகவே இருந்தது.

அந்த நவீன இயற்கணித அலை தமிழ்நாட்டுக்கு வந்த வழி விசித்திரமானது. பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்த சார்ல் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1937-ல் இந்தியா வந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பிறகு சென்னை லயோலாவிலும் பாடம் நடத்தினார். மற்றவர்கள் கேம்பிரிட்ஜ் பாணிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பாரிஸில் என்ன நடக்கிறது என்பதைப் பையன்களின் காதில் போட்டார். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும், எம்.எஸ். நரசிம்மனும் அவரிடம் லயோலாவில் படித்து, 1953-ல் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்குப் போனவர்கள். கோவைகளின் வளையங்கள் பற்றி ழான்-பியர் செர் 1955-ல் எழுப்பிய ஒரு கேள்விக்கு, இரண்டு மாறிகள் உள்ள நிலையில் 1958-ல் சேஷாத்ரி விடை கண்டார். முழு விடைக்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேஷாத்ரி கர்நாடக சங்கீதமும் பாடுவார். ஒரு ராகத்தை எதைக் கொண்டு அதே ராகம் என்று அடையாளம் காண்கிறோம் என்பது பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்ததுண்டு.

கடைசிப் பருவத்தில் வளையங்கள் வந்தன. கூட்டலும் பெருக்கலும் சேர்ந்த இடம். மட்டு 6-ல் இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் பூச்சியம். பூச்சியமல்லாத இரண்டு பேர் சேர்ந்து பூச்சியமாகிப் போவது எனக்கு ஏதோ குடும்பக் கதை போலத் தோன்றியது. மட்டு 7-ல் இப்படி நடக்காது, ஏழு பகா எண் என்பதால். ஆறு ஆபத்தான எண் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

போன வருடம் அப்பத்தா போனாள். தொண்ணூறைத் தாண்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை. திண்ணையில் காலண்டர் இல்லை. எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். "பதினாறு சனிக்கிழமை" என்றேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஆனால் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வர வேண்டியவர்களுக்குச் சனிக்கிழமை லீவு கிடையாது. பத்தாம் நாள் ஞாயிறு வருகிறது, அன்றைக்கே முடித்துவிடலாம் என்று பேசி முடிவானது. பத்திரிகை அடித்து வந்தது. மேலே அப்பத்தாவின் படம், கீழே ஞாயிற்றுக்கிழமைத் தேதி, நடுவில் கொட்டை எழுத்தில் '16-ஆம் நாள் காரியம்'. அச்சகத்தில் பழைய வார்ப்பை அப்படியே போட்டிருப்பார்கள். பந்தியில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பத்தும் பதினாறும் ஒன்றாக இருக்கிற இடம் எது என்று பார்த்தேன். மட்டு 6.